பத்திரிகையில் அடித்த படிப்பு

கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் படிப்பை அச்சடிக்கும் வழக்கத்தை எங்கள் ஊரில் யார் தொடங்கிவைத்தார் என்று தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை. எனக்கு வருகிற பத்திரிகைகளை நான் தூக்கிப் போடுவதில்லை. முகூர்த்த நாள் வாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். பழைய கட்டுகளில் பெயர் மட்டும்தான். பிறகு எங்கோ ஒரு பி.ஏ. எட்டிப் பார்க்கிறது. பிறகு பி.காம்., பி.எட்., பி.இ. என்று வரிசை கட்டி வருகின்றன. எழுதி முடிக்காத படிப்பு எந்த வருடக் கட்டிலிருந்து உள்ளே நுழைந்தது என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. அச்சில் பாஸும் ஃபெயிலும் ஒரே மாதிரிதான் தெரியும். அந்த முதல் ஆள் யாரென்று தெரிந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன்.

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம், பயோடேட்டா. எட்டயபுரம், நாகலாபுரம், இடைசெவல் பக்கத்திலிருந்தெல்லாம் வேலை தேடுகிற பிள்ளைகள் பஸ் இறங்கி நேராக இங்கேதான் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஒருவன் உட்கார்ந்ததும் தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, இந்தி என்றான். தெலுங்கு வீட்டில் பேசுவார்கள், சரி. இந்தி?

"படம் பாப்பேன் அண்ணாச்சி. நல்லாப் புரியும்."

"கீழ தமிழ்ல எழுத்து ஓடுமே, அதப் படிச்சா?"

"அது ஓடும். ஆனா அது இல்லேன்னாலும் புரியும்."

"சரி, வேற என்ன போடணும்?"

"லீடர்ஷிப் குவாலிட்டின்னு ஒண்ணு போட்டுருங்க."

"யாருக்குடே லீடரு நீ?"

"அது பொறவு கெடைப்பாவ அண்ணாச்சி."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்திருக்கிறேன். பயோடேட்டாவில் இருப்பதை யாரும் நம்புவதில்லை. அடிக்கிறவனுக்கும் தெரியும், வாங்கிப் பார்க்கிறவனுக்கும் தெரியும். அரசு வேலைக்கான விண்ணப்பம் அப்படி இல்லை. அங்கே ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று கேட்பார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு பெண் கையில் வந்த வேலையை விட்டாள். நான் எழுத வந்தது அதைத்தான். எனக்கு வழக்கமாக நாள், கிழமை போடாமல் எழுத வராது. இதில் மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊர் சின்னது, தேதியைக் கொடுத்தால் ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

அவள் இங்கே பருத்தி, உளுந்து வாங்கி விற்கும் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவரின் மூத்த மகள். பி.காம். முடித்தவள். கல்லூரி விட்டு வந்து டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நாளிலிருந்தே எனக்குப் பழக்கம். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் என்று இரண்டு படிகள். தமிழில் ஹையர் முடித்திருந்தாள். ஆங்கிலத்தில் லோயர். அரசு டைப்பிஸ்ட் வேலைக்கு இரண்டு மொழியிலும் ஹையர் வைத்திருப்பவர்கள் முதல் வரிசை. ஒன்றில் ஹையரும் மற்றதில் லோயரும் இருந்தால் அடுத்த வரிசை. அடுத்த வரிசை என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டியதில்லை; அதிலிருந்தும் ஆள் எடுக்கத்தான் செய்கிறார்கள். இந்தத் தெருவிலேயே அப்படி வேலைக்குப் போனவர்கள் உண்டு.

ஆங்கில ஹையரை ஒரு ஆவணியில் எழுதினாள். ஐப்பசியில் முடிவு வந்தபோது என் கம்ப்யூட்டரில்தான் பார்த்தோம். ஃபெயில்.

"ஸ்பீடுல பாஸ் அண்ணாச்சி. ஸ்டேட்மெண்ட்லதான் போச்சு" என்றாள். கட்டம் கட்டமாக எண்களை வரிசை பிசகாமல் அடிக்க வேண்டிய பகுதி அது. அழவில்லை. மாசியில் திரும்ப எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தோற்ற இடம் எது என்று சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இங்கே அதிகம் வருவதில்லை.

மார்கழிக் கடைசியில் அவளுடைய அப்பா பத்திரிகையோடு கடைக்கு வந்தார். தை முகூர்த்தம். மாப்பிள்ளை நாகலாபுரம் பக்கம். பிரித்துப் பார்த்தேன். இடப்பக்கம் மாப்பிள்ளை பெயர், பக்கத்தில் பி.இ., அதன் கீழே மெக்கானிக்கல் என்று ஒரு வரி. வலப்பக்கம் இவள் பெயர், பி.காம்., கீழே டைப்ரைட்டிங் ஹையர், தமிழ் மற்றும் ஆங்கிலம்.

"அண்ணாச்சி, இங்கிலீஷ்ல லோயர்தான பாஸ் பண்ணிருக்கா?" என்றேன்.

"மாசியில எழுதுதால்லா. பாஸாயிருவா."

"பாஸான பொறவு போட்டுக்கிட்டா என்ன?"

"கல்யாணம் தையில. பாஸான பொறவு பத்திரிகைய ஊரு பூரா வாங்கித் திருத்தி அடிச்சுக் குடுக்க முடியுமா?" என்று சிரித்தார். பிறகு பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி மேசையில் விரித்துக் காட்டினார். "இங்கன பாருங்க. மாப்பிள்ளைக்கு ரெண்டு வரி வந்துட்டு. நம்ம பக்கம் பி.காம்.னு ஒத்த வரியா நின்னா மொட்டையா இருக்குன்னு பிரஸ்காரரே சொல்லுதாரு. வேற என்னத்தப் போட? தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர்னு போட்டா பாக்கிறவன் லோயரத்தான் பாப்பான்."

பத்திரிகை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண் ஒரு பரீட்சையில் பாஸாகிவிட்டாள். கல்யாண வீட்டுக்காரரிடம் என்ன பேச? மண்டபத்துக்குப் போனேன், சாப்பிட்டேன், வந்தேன். வாசலில் வைத்திருந்த பிளக்ஸிலும் அந்த இரண்டு வரிகள் இருந்தன, பத்திரிகையைவிடப் பெரிய எழுத்தில்.

தை முடிவதற்குள் குரூப் நாலு தேர்வுக்கு அறிவிப்பு வந்துவிட்டது. மாசி தொடக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக பைக்கில் வந்து இறங்கினார்கள். அவன் நல்ல உயரம், மரியாதையான பேச்சு. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்கே வேலை என்று கேட்டேன்.

"பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. வருது, நமக்குத் தோதா வர மாட்டேங்குது. இங்கன தீப்பெட்டி ஆபீஸ்ல மெஷின் பாத்துக்கக் கூப்பிட்டாவ. பி.இ. முடிச்சவன் அங்கன போயி நிக்க முடியுமா?"

"ஏன், மெஷின்தான படிச்சிருக்கீங்க?"

"படிச்சதுக்கு ஒரு லெவல் இருக்குல்லா."

விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன். போன் நம்பருக்கு அவன் நம்பரைக் கொடுத்தார்கள். டைப்ரைட்டிங் இடம் வந்தது. தமிழ் ஹையர் என்று அடித்துவிட்டு, "இங்கிலீஷ் லோயர்" என்று சொல்லிக்கொண்டே கையை வைத்தேன்.

"ஹையர் அண்ணாச்சி" என்றான் அவன். "பத்திரிகையில பாக்கலியா? ரெண்டும் ஹையர். எங்கம்மா தெருவுல ஒருத்தரு பாக்கி இல்லாமச் சொல்லி வச்சிருக்கா."

நான் அவளைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தாள்.

"ஹையர்தான். போடுங்க அண்ணாச்சி" என்றாள்.

வேறு கடையாக இருந்தால் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் அவனிடம் ஆதார் நகல் ஒன்று தெளிவாக இல்லை, முன்னால் இருக்கிற மெஷினில் இன்னொன்று எடுத்து வாருங்கள் என்று அனுப்பினேன். அங்கே நாலு பேர் நின்றார்கள். அந்த இடைவெளியில் அவளிடம் கேட்டேன்.

"என்ன இது? ஒனக்கு லோயர்தான?"

"இந்த மாசம் எழுதப் போறேன் அண்ணாச்சி. பாஸாயிருவேன்."

"ஆகு. நல்லா ஆகு. ஆனா அறிவிப்பு வந்த நாளுல கையில இருந்த படிப்பத்தான் கேக்காவ. அதுக்குப் பொறவு பாஸானது இந்த விண்ணப்பத்துக்குச் செல்லாது. இந்தா பாரு, எழுதியே போட்டிருக்காவ."

படித்தாள். படித்ததைப் புரிந்துகொண்டாள் என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்னாள்: "அவிய முன்னால லோயர்னு போட முடியாது அண்ணாச்சி. போட்டுருங்க."

அவன் திரும்பி வந்துவிட்டான். அவள் சொன்னபடியே போட்டேன். விண்ணப்பம் அவளுடையது, என் விருப்பப்படி நிரப்ப எனக்கு உரிமை இல்லை. திருத்துவதற்குச் சில நாள்கள் தருவார்கள், அப்போது தனியாக வா என்று மட்டும் மெல்லச் சொன்னேன்.

வந்தாள். மாசிக் கடைசி, வெயில் ஏறத் தொடங்கிய சமயம். தார் ரோட்டில் லாரி போனால் கரிசல் தூசி கடைக்குள் வந்து கீபோர்டில் படியும். துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் முந்தின வாரம்தான் ஆங்கில ஹையரைத் திரும்ப எழுதியிருந்தாள். விண்ணப்பத்தைத் திறந்து, அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு சொடுக்கு, லோயர் என்று மாற்றினால் தீர்ந்தது.

"அண்ணாச்சி, இந்தத் தடவ ஸ்டேட்மெண்ட் அவ்வளவு கரெக்டா வந்துச்சு. ஒரு கட்டம் பிசகல. கண்டிப்பா பாஸ்."

"சந்தோசம். இப்ப இத மாத்தலாமா?"

"பாஸான ஒருத்தி எதுக்கு லோயர்னு போடணும்?"

"நீ இன்னும் பாஸாகல."

"ஆயிருவேன்லா? வேல கைக்கு வாரதுக்கு எப்பிடியும் ஒரு வருசம் ஆவும். அதுக்குள்ள சர்டிபிகேட் கையில இருக்கும். அங்க சரிபாக்கிறவிய ஹையர் இருக்கா இல்லையான்னு பாப்பாவளா, தேதியப் பாத்துக்கிட்டு இருப்பாவளா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "தேதியத்தான் பாப்பாவ. அவியளுக்கு அதான் வேல" என்று கத்தினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாத்துனா அவிய போனுக்கு மெசேஜ் போகும் அண்ணாச்சி. என்னத்த மாத்துனன்னு கேட்டா என்ன சொல்ல? எங்க அத்த, வாரவிய போறவியகிட்ட எல்லாம் எம்மருமவ ரெண்டும் ஹையர்னுதான் பேச்சத் தொடங்குதாவ. இப்ப போயி..."

"லோயர வச்சுக்கிட்டே ஒனக்கு வேல கெடைக்கும்."

"ஹையர்ல சீக்கிரம் கெடைக்கும்லா?"

எழுந்து போய்விட்டாள். திரையில் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே மூடிக்கொண்டது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் பொய்க்காரி இல்லை. ஸ்டேட்மெண்ட்டில் தோற்றேன் என்று ஐப்பசியில் வாய்விட்டுச் சொன்ன அதே பெண்தான். அவளை இப்படி ஆக்கியது என்ன? அச்சடித்த இரண்டாவது வரி. அது அச்சானதும் அப்பா நம்பினார், மாமியார் நம்பினாள், தெரு நம்பியது. எல்லோரும் நம்பிய பிறகு அவளும் நம்பத் தொடங்கிவிட்டாள். பரீட்சை எழுதுவது என்பது ஏற்கனவே தன்னிடம் இருப்பதற்கு ஒரு ரசீது வாங்குகிற காரியம் என்று ஆகிவிட்டது. ரசீது கொஞ்சம் தாமதமாக வந்தால் என்ன என்றுதான் அவள் கேட்டாள். எங்கள் பக்கத்தில் வேலை தேடுகிற பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் அலைகிறார்கள். அரியர் வைத்திருப்பவன் எஞ்சினியர். ஆறு மாதம் கோச்சிங் போனவன் வருங்கால அதிகாரி. அதற்கு அவன் தெருவில் பிளக்ஸே வைத்துவிடுகிறார்கள். வைத்த பிறகு அதற்குக் கீழான எந்த வேலைக்கும் அவன் போக முடியாது.

சித்திரையில் ஆங்கில ஹையர் முடிவு வந்தது. பாஸ், அதுவும் நல்ல மதிப்பெண். கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தாள். "சொன்னேம்லா அண்ணாச்சி!" என்றாள். வாங்கித் தின்றேன். வேறென்ன செய்ய?

ஆனியில் தேர்வு எழுதினாள். ஐப்பசியில் தரவரிசை வந்தது. நல்ல இடம். என் கடையில் விண்ணப்பித்தவர்களில் அந்த வருடம் அவளுடையதுதான் முன்னால் இருந்தது. அவள் அப்பா கமிஷன் கடையில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். சான்றுகளை ஏற்றச் சொல்லி அறிவிப்பு வந்தது. ஏற்றினோம். ஆங்கில ஹையர் சான்றை அவளே ஸ்கேனரில் வைத்தாள். அதில் தேர்வு நடந்த மாதம் தெளிவாக அச்சாகியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

தையில் முடிவு வந்தது. விண்ணப்பத்தில் கோரிய தகுதி அறிவிப்பு நாளில் பெறப்பட்டிருக்கவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

கலந்தாய்வுப் பட்டியல் முழுவதையும் நான் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த வரிசையில், தமிழ் ஹையர் ஆங்கில லோயர் என்று உள்ளதை உள்ளபடி சொன்னவர்களில், அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கும் இடம் கிடைத்திருந்தது. அதைப் பார்த்திருக்கக் கூடாது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் அவள் புருஷன் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"என்ன அண்ணாச்சி இப்பிடிப் பண்ணிட்டீங்க? தப்பா அடிச்சு விட்டு அவ வாழ்க்கையவே கெடுத்துட்டீங்களே! படிச்சவன் எவனாவது இந்தக் கடைக்கு வருவானா?"

"என்னத்தத் தப்பா அடிச்சேன்?"

"தேதியத்தான். வேற என்னத்த?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். பின்னாலேயே மினிபஸ்ஸில் வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சிய ஏன் வையுதீங்க? நாந்தான் போடச் சொன்னேன்."

"என்ன போடச் சொன்ன?"

"ஹையர்னு. அப்ப எனக்கு ஹையர் கெடையாது. சித்திரையிலதான் பாஸானேன்."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "பத்திரிகையில போட்டிருந்துச்சே?"

"பத்திரிகைய எங்கப்பா அடிச்சாவ. சர்க்காரா அடிச்சது?"

"அப்ப ஏமாத்தியா கட்டி வச்சீங்க? எங்கம்மா முகத்துல எப்பிடி முழிப்பேன்? ஏட்டி, ஒரு வருசமா எங்கூட இருந்துக்கிட்டு..."

"ஒங்க டிகிரிய எடுத்துட்டு வாங்க" என்றாள். சத்தம் போடவில்லை. "இங்கன வச்சே ஸ்கேன் பண்ணுவோம். போங்க, எடுத்துட்டு வாங்க."

ஜெராக்ஸ் மெஷின் அருகில் நின்ற இரண்டு பையன்கள் காகிதத்தை எடுக்க மறந்து நின்றார்கள். அவன் ஹெல்மெட்டை மேசையில் வைத்தான்.

"ரெண்டு பேப்பர்தான் அரியர் நிக்கு" என்றான்.

"எனக்கு ஒரு பேப்பர்தான் நின்னுச்சு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒனக்கு எப்பத் தெரியும் என்று கேட்டான். கல்யாணமான மாசமே தெரியும் என்றாள் அவள்.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தை நான் யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அவன் எஞ்சினியர் இல்லை என்று தெரிந்துகொண்டே அவன் முன்னால் லோயர் என்று சொல்லக் கூசியிருக்கிறாள் இந்தப் பெண். இரண்டு பேப்பர் நிற்பவன் ஒரு பேப்பர் நின்றவளை ஏமாற்றுக்காரி என்கிறான். தீப்பெட்டி ஆபீஸில் மெஷினுக்கு முன்னால் நிற்க மாட்டேன் என்று இவன் சொன்னது பி.இ.யின் மரியாதைக்காக இல்லை. அங்கே சேர்ந்தால் சான்று கேட்பார்கள். ஒருவர் பொய்யை ஒருவர் காப்பாற்றி ஒரு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். அதற்கு விலையாகப் போனது, நிஜமாகவே டைப் அடிக்கத் தெரிந்த, நிஜமாகவே தேர்வில் முன்னால் வந்த ஒருத்தியின் வேலை. அவளிடம் இருந்த தகுதி போதுமானதாக இருந்தது. ஒரு சொல் குறைவாகச் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லவிடாமல் ஒரு ஊரே அவள் வாயைப் பொத்தியது, அவளும் பொத்திக்கொண்டாள்.

"வெளிய போங்க ரெண்டு பேரும்" என்று கத்திவிட்டேன். அவன் எழுந்து போனான். அவள் போகவில்லை.

"ஒரு மனு அடிச்சுத் தாங்க அண்ணாச்சி."

"அடிச்சு என்ன பிரயோசனம்? ரூல்ல இருக்கிறதத்தான் செஞ்சிருக்காவ."

"தெரியும். அடிங்க."

என்ன காரணம் எழுத என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். விண்ணப்பித்த அன்று ஆங்கிலத்தில் லோயர் மட்டுமே பெற்றிருந்தேன். ஹையர் என்று நானே தெரிந்தே குறிப்பிட்டேன். எனக்கு உண்மையில் இருந்த தகுதியின்படி அடுத்த வரிசையில் என்னைக் கருத வேண்டுகிறேன். நாலே வரி. குடும்ப வறுமை, தாழ்மையான வேண்டுகோள் என்று மனுக்களில் எல்லோரும் போடுகிற ஒன்றையும் போட விடவில்லை. அப்பாவும் புருஷனும் மனுவில் எங்காவது வருவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தாள்.

பதில் வைகாசியில் வந்தது. அனுப்புநர் முகவரியாக என் கடையைக் கொடுத்திருந்தாள். கூப்பிட்டுச் சொன்னேன். மத்தியானம் வந்தாள். விண்ணப்பத்தில் கோரியதை மாற்றிக் கருத விதிகளில் இடமில்லை, திருத்தம் செய்ய வாய்ப்பு அளிக்கப்பட்டிருந்தது, அது பயன்படுத்தப்படவில்லை என்று இருந்தது. நின்றுகொண்டே இரண்டு முறை படித்தாள்.

"சரியாத்தான் எழுதிருக்காவ அண்ணாச்சி" என்றாள்.

ஆமாம், சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதத்தில் குற்றம் சொல்ல ஒரு சொல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. அவளுக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் இன்றைக்கு எந்த ஊரிலோ யாரோ உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறார். அவர்மேலும் எனக்குக் குறை இல்லை. அவர் தன்னிடம் இருந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அவள் பதிலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று கேட்டாள். இன்னும் சொல்லவில்லை என்றேன்.